1878 முதல் லொசான் வரை: துருக்கி விடுதலை வரலாற்றை எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி: உதுமானியப் பேரரசின் கடைசிக் காலம் முதல் துருக்கி விடுதலை வரை சொந்தமாகப் படிக்க வேண்டும். பேரரசு பிறந்த 1299-இல் தொடங்கினால் பாதி வழியில் அலுத்துவிடுகிறது. 1919-இல் தொடங்கினால் யார் யாருடன் எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்றே புரிவதில்லை. எங்கே தொடங்கலாம், எதை விடலாம், எங்கே தடுக்கி விழுவோம்?

1299-உம் வேண்டாம், 1919-உம் வேண்டாம். 1878-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவிடம் தோற்றிருந்த உதுமானியர்கள் அந்த ஆண்டு ஜூலையில் பெர்லினில் கையெழுத்திட்டார்கள். செர்பியா, ருமேனியா, மாண்டினீக்ரோ மூன்றும் முழு விடுதலை பெற்றன. பல்கேரியா பெயரளவில் மட்டும் சுல்தானுடையதாக மிஞ்சியது. பொஸ்னியாவுக்குள் ஆஸ்திரியா-ஹங்கேரியின் படை நுழைந்தது. கார்ஸ், அர்தகான், பாத்தூம் ரஷ்யாவுக்குப் போயின. சைப்ரஸின் நிர்வாகம் பிரிட்டன் கைக்கு மாறியது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் இரண்டாம் அப்துல் ஹமீது நாடாளுமன்றத்தை வீட்டுக்கு அனுப்பினார். 1876 டிசம்பரில் வந்த அரசியலமைப்பு முப்பது ஆண்டுகள் உறங்கியது. 1881 டிசம்பரில் அரசின் வருவாயில் ஒரு பங்கு வெளிநாட்டுக் கடன்காரர்களின் பிடிக்குள் போனது. நிலம், நாடாளுமன்றம், கஜானா: 1919 முதல் 1923 வரை அங்காராவைத் தளமாகக் கொண்ட விடுதலை இயக்கம் போராடியது இந்த மூன்றுக்காகத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் எந்த உடன்படிக்கையையும் குழப்பமில்லாமல் படிக்கலாம்.

1878-க்கு முந்தைய காலத்தில் நான்கு ஆண்டுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 1774, குச்சுக் கய்னார்ஜா உடன்படிக்கை: முஸ்லிம்கள் வாழும் நிலம் ஒன்று, கிரிமியா, முதன்முறையாகக் கைநழுவியது, 1783-இல் ரஷ்யா அதை விழுங்கியது. 1826: சுல்தான் இரண்டாம் மஹ்மூத், அரசின் பழைய நிலைப்படையான ஜானிசரிப் படையை இஸ்தான்புல் நடுவிலேயே பீரங்கி வைத்து ஒழித்தார். 1839: குல்ஹானே அரசாணை, அதாவது தன்ஸிமாத் சீர்திருத்தங்களின் தொடக்கம். இவற்றுக்கு நடுவே வரும் 1838-ஐத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரிட்டனுடன் அந்த ஆண்டு செய்த பால்த்தாலிமான் வணிக ஒப்பந்தப்படி இறக்குமதிக்கு 5 விழுக்காடு வரி, ஏற்றுமதிக்கு 12 விழுக்காடு. தன் நாட்டுச் சரக்கு வெளியே போக அதிக வரி, வெளிச்சரக்கு உள்ளே வரக் குறைந்த வரி. அதைவிடப் பெரிய சிக்கல், வல்லரசுகளைக் கேட்காமல் அந்த வரியை உயர்த்த முடியாது என்பது. 1907-இல் 8 விழுக்காட்டை 11 ஆக்குவதற்குக்கூட அவர்களுடைய சம்மதம் தேவைப்பட்டது.

கடன் கதைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்; அரசியல் வரலாற்றுப் புத்தகங்கள் இதை இரண்டு பத்தியில் முடித்துவிடும். கிரிமியப் போர்ச் செலவுக்காக 1854-இல் முதல் வெளிநாட்டுக் கடன் வாங்கினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பழைய கடனின் வட்டியைக் கட்டவே புதுக் கடன் வாங்கும் நிலை வந்தது. 1875 அக்டோபரில், வட்டியில் பாதியைத்தான் ரொக்கமாகத் தர முடியும் என்று அரசு கைவிரித்தது. அதன் விளைவாக 1881-இல் பிறந்ததுதான் பொதுக்கடன் நிர்வாகம். உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மது, மீன், பட்டு ஆகிய ஆறு இனங்களின் வருமானம் நேராக அங்கே போகும். அதன் அவையில் ஏழு பேர், பெரும்பான்மையினர் ஐரோப்பியக் கடன்காரர்களின் பிரதிநிதிகள். உப்பு வாங்கும் ஒவ்வொரு குடியானவனும் லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவருக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தான். இஸ்தான்புல்லின் ஜாலோலுப் பகுதியில் அந்த நிர்வாகத்துக்கெனக் கட்டிய கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது; இப்போது அது ஒரு மேல்நிலைப் பள்ளி.

இங்கே முதல் தவறு நேரும். "ஐரோப்பாவின் நோயாளி" என்ற படிமத்தை மனதில் வைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே சீராகச் சரிந்தது என்று படித்துக்கொண்டே போவோம். உண்மையில் எல்லை சுருங்கிய அதே நூற்றாண்டில் அரசு பெருத்தது. தந்தி கிரிமியப் போரின்போதே வந்துவிட்டது. 1864-இல் மாகாண நிர்வாகச் சட்டம். நவீன போர்க்கல்லூரி, ஆட்சிப்பணிக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி. 1908-இல் மதீனா வரை போன ஹிஜாஸ் ரயில். அப்துல் ஹமீதைக் கவிழ்த்தவர்களை உருவாக்கியது அவர் பணம் கொடுத்து நடத்திய பள்ளிகள்தான். அவரைக் கவிழ்த்த ஒற்றுமை முன்னேற்றக் குழுவின் வித்து 1889-இல் இராணுவ மருத்துவக் கல்லூரியில் விழுந்தது. இந்த அரசு இயந்திரம் இல்லாவிட்டால் 1919-இல் அனதோலியாவில், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியில், எதிர்ப்பைக் கட்டியிருக்கவே முடியாது.

அடுத்து ஒரு தாளில் ஐந்து பெயர்களையும் பிறந்த ஆண்டுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். முஸ்தபா கமால் 1881, என்வெர் 1881, காஸிம் கராபெகிர் 1882, அலி ஃபுவாத் 1882, இஸ்மெத் 1884. எல்லாரும் ஒரே போர்க்கல்லூரி வார்ப்பு, எல்லாருக்கும் ஒற்றுமை முன்னேற்றக் குழுவுடன் தொடர்பு உண்டு. பாடப்புத்தகத்தில் 1918-உடன் ஓர் அத்தியாயம் மூடும், 1919-இல் புதுக் கதாபாத்திரங்கள் மேடையேறுவதுபோலத் தோன்றும். மேடையில் இருந்தவர்கள் மாறவேயில்லை. போர்க்காலத்தில் ஆட்சியை நடத்திய குழுத் தலைவர்கள் தலாத், என்வெர், ஜெமால் 1918 நவம்பர் முதல் வாரத்தில் ஜெர்மானியக் கப்பலில் தப்பினார்கள். அவர்கள் விட்டுப்போன கிளைகள், அதிகாரிகள், ஆயுதம் கடத்தும் ரகசிய வலை எல்லாம் அப்படியே இருந்தன. அங்காரா இவற்றின் மீதுதான் எழுந்தது.

அதனால் 1911 முதல் 1922 வரையிலான காலத்தை ஒரே நீண்ட போராகப் படிப்பது நல்லது. 1911-இல் இத்தாலி லிபியாவில் இறங்கியது. 1912 அக்டோபரில் பால்கன் நாடுகள் சேர்ந்து தாக்கின. நவம்பரில் சலோனிகா கிரேக்கரிடம் வீழ்ந்தது. முஸ்தபா கமால் பிறந்த ஊர் அது. அவருடைய தாயும் அகதியாக இஸ்தான்புல் வந்து சேர்ந்தவர்தான். 1913 ஜனவரி 23 அன்று என்வெர் அமைச்சரவைக் கூட்டத்துக்குள் துப்பாக்கியுடன் புகுந்து ஆட்சியைப் பறித்தார். 1914 செப்டம்பரில், முதல் உலகப் போரில் இறங்குவதற்கு முன்பே, வெளிநாட்டாருக்கான வணிக, நீதிச் சலுகைகளை அரசு தன்னிச்சையாக ரத்து செய்தது. கூட்டாளியான ஜெர்மனியே இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது என்பதை மறக்காதீர்கள். 1923-இல் லொசானில் நடந்த சமாதானப் பேச்சு இடையில் முறிய இந்த விஷயமும் ஏன் காரணமாயிற்று என்பது அப்போது விளங்கும்.

1915-ஐத் தாண்டிக் குதிக்கும் பழக்கம் துருக்கி ஆதரவு நூல்களில் உண்டு. கலிபோலி வெற்றிக்கு ஐம்பது பக்கம், ஆர்மீனியருக்கு ஓர் அடிக்குறிப்பு. ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனியப் பிரமுகர்களின் கைது, மே 27-இல் நாடு கடத்தல் சட்டம், பின்னர் சிரியப் பாலைவனம் நோக்கிய நடைப்பயணங்களும் படுகொலைகளும். பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை இனப்படுகொலை என்கிறார்கள். துருக்கி அரசு அந்த முடிவை ஏற்பதில்லை. அறப்பிரச்சினை ஒருபுறம் இருக்க, விடுதலைப் போரின் காரணங்களைப் புரிந்துகொள்ளவும் இது தேவை. ஆர்மீனியர்களின் வீடு, கடை, நிலம் "கைவிடப்பட்ட சொத்து" என்ற பெயரில் கைமாறியிருந்தன. அவற்றை வைத்திருந்த உள்ளூர்ப் பெரும்புள்ளிகளுக்கு, அகதிகள் திரும்பி வந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சம் இருந்தது. 1918-க்குப் பிறகு ஊருக்கு ஊர் முளைத்த "உரிமைப் பாதுகாப்புச் சங்கங்கள்" சிலவற்றுக்குப் பணமும் ஆளும் வந்ததில் இந்த அச்சத்துக்கும் பங்குண்டு.

இனி ஆவணங்கள். விளக்க நூல்களைத் திறக்கும் முன் நான்கு மூலங்களை வாசியுங்கள். முட்ரோஸ் போர்நிறுத்தத்துக்கு 25 விதிகள், தேசிய உறுதிமொழிக்கு 6, செவ்ர் உடன்படிக்கைக்கு 433, லொசானுக்கு 143. முதல் இரண்டையும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். மற்ற இரண்டிலும் எல்லை, நீரிணை, நிதி, சிறுபான்மையினர் பகுதிகளை மட்டும் பாருங்கள்.

முட்ரோஸில் (1918 அக்டோபர் 30) 7-ஆம் விதிதான் உயிர். போரில் வென்ற நேச நாடுகளின் (பிரிட்டன், பிரான்சு, இத்தாலி முதலியவை) பாதுகாப்புக்கு அச்சம் ஏற்பட்டால் எந்த முக்கிய இடத்தையும் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது அது. 24-ஆம் விதி, கிழக்கே ஆறு ஆர்மீனிய மாகாணங்களில் கலவரம் வந்தால் அங்கேயும் நுழையலாம் என்கிறது. 1919 மே 15 அன்று கிரேக்கப் படை மேற்குக் கரைத் துறைமுகமான இஸ்மிரில் இறங்கியபோது சுட்டிக்காட்டப்பட்டது 7-ஆம் விதி. கருங்கடல் கரையிலுள்ள சாம்சுன் பகுதியில் கலகம் என்று பிரிட்டிஷார் புகார் சொன்னபோது, அதை அடக்கச் சுல்தானின் அரசே அனுப்பிய இராணுவ ஆய்வாளர்தான் முஸ்தபா கமால். மே 19 அன்று அவர் சாம்சுனில் இறங்கினார். கையில் அரசாங்க உத்தரவும், மாகாண ஆளுநர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரமும், தந்தி நிலையங்களும் இருந்தன. நாட்டைக் காக்க மக்களை அழைத்த ஜூன் 22 அமாஸ்யா சுற்றறிக்கை பரவியது அந்தத் தந்திக் கம்பிகளில்தான். ஜூலையில் பதவி பறிபோனதும் அவர் வெறும் குடிமகன்; எர்சுரூமில் ஓரளவு சிதையாமல் நின்ற 15-ஆம் படைப்பிரிவின் தளபதி கராபெகிர் அவரைக் கைது செய்யாமல் அவர் பக்கம் நின்றார். விடுதலை இயக்கம் பிழைத்த தருணம் எது என்று கேட்டால் பலர் 1921 சக்கார்யா போரைச் சொல்வார்கள். இந்த ஒரு முடிவுக்கே அந்த இடத்தைத் தர வேண்டும்.

எர்சுரூம் மாநாடு ஜூலை-ஆகஸ்டில், சிவாஸ் மாநாடு செப்டம்பரில். இரண்டின் தீர்மானங்களும் ஏறக்குறைய ஒன்றே. சிவாஸில் அவை நாடு முழுமைக்கும் விரிந்தன என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இயக்கத்தின் கோரிக்கைகளைத் தொகுத்த தேசிய உறுதிமொழியைத் தீர்மானமாக ஏற்றது அங்காரா அல்ல, இஸ்தான்புல்லில் கூடிய கடைசி உதுமானிய நாடாளுமன்றம் (1920 ஜனவரி 28). அதன் முதல் விதி உதுமானிய முஸ்லிம் பெரும்பான்மை வாழும் பகுதிகளைப் பிரிக்க முடியாத ஒரே நிலம் என்கிறது. இரண்டாவது, 1878-இல் போன அதே கார்ஸ், அர்தகான், பாத்தூம் பற்றியது. கடைசி விதி, நிதியிலும் நீதியிலும் முழுச் சுதந்திரம். பிந்தைய மதச்சார்பற்ற குடியரசை இங்கே தேடினால் கிடைக்காது. 1922 வரை இந்த இயக்கம் சுல்தானையும் கலீஃபாவையும் மீட்கிறோம் என்றுதான் மக்களிடம் பேசியது.

1920 மார்ச் 16-இல் நேச நாடுகள் இஸ்தான்புல்லை முறைப்படி ஆக்கிரமித்தன. ஏப்ரல் 23-இல் அங்காராவில் பெரும் தேசிய அவை கூடியது. இதற்குப் பிறகான எட்டு மாதங்கள் உண்மையில் உள்நாட்டுப் போர். இஸ்தான்புல்லின் ஷேகுல் இஸ்லாம் (பேரரசின் தலைமை முஃப்தி), கமாலின் ஆட்களைக் கொல்வது கடமை என்று ஃபத்வா கொடுத்தார். அங்காரா முஃப்தி ரிஃபாத் தலைமையில் அனதோலிய முஃப்திகள் எதிர் ஃபத்வா வெளியிட்டார்கள். இஸ்தான்புல் இராணுவ நீதிமன்றம் கமாலுக்கு மரண தண்டனை விதித்தது. தேசிய அவை முதல் வாரத்திலேயே தேசத்துரோகச் சட்டம் கொண்டுவந்தது. செப்டம்பரில் சுதந்திர நீதிமன்றங்கள் வந்தன, முக்கியமாகப் படையை விட்டு ஓடியவர்களை விசாரிக்க. ஓடியவர்கள் அவ்வளவு பேர். பத்தாண்டுப் போரில் களைத்த கிராமத்தான் இன்னொரு சண்டைக்கு எளிதில் வரவில்லை என்ற உண்மையை வீரக்கதைகள் மறைத்துவிடும்.

செவ்ரையும் லொசானையும் ஒரே தாளில் இரண்டு பத்திகளாக எழுதுங்கள். செவ்ர் (1920 ஆகஸ்டு 10): ஆயுதம் தாங்கிய படை மொத்தம் 50,000-க்கு மேல் கூடாது, இஸ்மிர் ஐந்தாண்டு கிரேக்க நிர்வாகத்தில், ஆர்மீனிய எல்லையை அமெரிக்க அதிபர் வில்சன் வகுப்பார், குர்துப் பகுதிக்குத் தன்னாட்சி, பின்னர் விடுதலைக்கும் வாய்ப்பு, நிதியைப் பிரிட்டன், பிரான்சு, இத்தாலி சேர்ந்த குழு மேற்பார்வையிடும், 1914-இல் ஒழித்த சலுகைகள் திரும்பும். இதை உதுமானிய நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஏற்க நாடாளுமன்றமே அப்போது இல்லை. லொசான் (1923 ஜூலை 24): மேற்சொன்னவை அத்தனையும் இல்லை. ஆனால் தேசிய உறுதிமொழி முழுதாகக் கிடைத்ததாக எண்ண வேண்டாம். மொசூல் முடிவாகவில்லை, 1926-இல் ஈராக்குக்குப் போனது. பாத்தூம் ஏற்கெனவே 1921-இல் சோவியத் பக்கம் விடப்பட்டது. நீரிணைகள் 1936 மோந்த்ரோ உடன்படிக்கை வரை படையற்ற பகுதியாக, பன்னாட்டு ஆணையத்தின் கண்காணிப்பில் இருந்தன. சுங்க வரியை 1929 வரை உயர்த்த முடியாது. உதுமானியக் கடனில் துருக்கியின் பங்கை 1954 வரை கட்டினார்கள்.

இரண்டு பத்திகளுக்கும் நடுவே நடந்த போரைப் படிக்கும்போது களத்தைவிடக் களத்துக்கு வெளியே பாருங்கள். 1920 அக்டோபரில் கிரேக்க மன்னர் அலெக்சாந்தர் குரங்குக் கடியால் இறந்தார். அடுத்த மாதத் தேர்தலில் பிரதமர் வெனிசெலோஸ் தோற்றார். நேச நாடுகளுக்குப் பிடிக்காத முன்னாள் மன்னர் கான்ஸ்டன்டைன் திரும்பி வந்தார். கிரேக்கத்துக்கான ஆதரவு வற்றியது. அங்காரா 1921 மார்ச்சில் மாஸ்கோவுடனும் அக்டோபரில் பிரான்சுடனும் ஒப்பந்தம் செய்து, கிழக்கிலும் தெற்கிலும் இருந்த படைகளை மேற்கே திருப்பியது. சோவியத் தங்கமும் துப்பாக்கிகளும் வந்தன.

1921 ஜூலையில் குத்தாஹ்யா-எஸ்கிஷெஹிரில் தோற்றுப் படை சக்கார்யா ஆற்றுக்குப் பின்வாங்கியபோது கமால் போட்ட பத்து ஆணைகளைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வீடும் ஒரு செட் உள்ளாடை, ஒரு ஜோடி காலுறை, ஒரு ஜோடி காலணி தர வேண்டும். வணிகர் கையிருப்பிலுள்ள துணி, தோல் முதலியவற்றில் 40 விழுக்காடு, பணம் பிறகு. வண்டி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை 100 கிலோமீட்டர் தூரம் இலவசமாக இராணுவச் சரக்கு ஏற்ற வேண்டும். தொழிற்சாலை இல்லாத நாடு 22 நாள் நீடித்த சக்கார்யா போரை (ஆகஸ்டு 23 முதல் செப்டம்பர் 13) எப்படித் தாங்கியது என்பதற்குப் பதில் இந்த ஆணைகளில் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 26-இல் பெருந்தாக்குதல் தொடங்கியது, செப்டம்பர் 9-இல் இஸ்மிர் கைக்கு வந்தது. நான்கு நாள் கழித்து நகரின் ஆர்மீனிய, கிரேக்கப் பகுதிகள் எரிந்தன.

மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் (1923 ஜனவரி 30) மொழியைப் பார்க்கவில்லை, மதத்தை மட்டும் பார்த்தது. துருக்கி மொழி பேசிய கரமான்லிக் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்குப் போனார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் முஸ்லிம்கள் துருக்கிக்கு வந்தார்கள். சுமார் 12 லட்சம் கிறித்தவர், 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்கள். இஸ்தான்புல் கிரேக்கருக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு.

நடைமுறையில் அதிகம் அலைக்கழிப்பது தேதிகள். உதுமானிய அரசின் ரூமி ஆண்டு மார்ச் 1-இல் பிறக்கும், ஜூலியன் கணக்கில் ஓடும். மார்ச் முதல் டிசம்பர் வரையான தேதியானால் ஆண்டு எண்ணோடு 584 கூட்டுங்கள், ஜனவரி, பிப்ரவரிக்கு 585. பிறகு நாளோடு 13 சேர்க்க வேண்டும், 1900 மார்ச்சுக்கு முன்பானால் 12. வரலாற்றில் "மார்ச் 31 நிகழ்வு" எனப்படும் கலகம் நடந்தது 1909 ஏப்ரல் 13-இல். "93 போர்" என்பது ரூமி 1293, அதாவது 1877. 1917-இல் 13 நாள் வித்தியாசத்தை நீக்கினார்கள், ஆண்டு எண்ணை 1926 ஜனவரியில்தான் மாற்றினார்கள். கிரேக்க ஆவணங்கள் 1923 தொடக்கம் வரை பழைய கணக்கிலேயே இருக்கும். இரண்டு நூல்களில் ஒரே போருக்கு 13 நாள் இடைவெளி தெரிந்தால் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

பெயர்களும் அப்படித்தான். குடும்பப்பெயர்ச் சட்டம் 1934-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் அத்தாதுர்க், இனோனு என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. முஸ்தபா கமால் பாஷா, இஸ்மெத் பாஷா என்று தேடுங்கள். காஸிம் பாஷாக்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள். எந்தப் படைப்பிரிவு என்று பார்த்து உறுதிசெய்யுங்கள். ஸ்மிர்னாவும் இஸ்மிரும் ஒன்று, அட்ரியனோப்பிளும் எதிர்னேயும் ஒன்று, அங்கோராவும் அங்காராவும் ஒன்று.

1927 அக்டோபர் 15 முதல் 20 வரை ஆறு நாள், முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் கமால் ஆற்றிய "நுதுக்" உரை உங்களைத் தேடி வரும். தவிர்க்க முடியாத மூலம், ஆனால் கடைசியில் படியுங்கள். அது 1919 மே 19-இல் தொடங்குகிறது என்பதே ஓர் அரசியல் முடிவு. அதற்கு முன் நடந்ததெல்லாம் முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. தொடக்கத்தில் கமாலின் தோழர்களாக இருந்த கராபெகிர், ரவூஃப், அலி ஃபுவாத், ரெஃபெத் நால்வரும் 1924-இல் எதிர்க்கட்சி கண்டவர்கள். அந்தக் கட்சி அடுத்த ஆண்டே மூடப்பட்டது, 1926-இல் கமாலைக் கொல்லச் சதி செய்த வழக்கு அவர்களைச் சுற்றி வளைத்தது. அதற்கு மறு ஆண்டு ஆற்றிய உரையில் அவர்களுடைய பங்கு எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். பக்கத்திலேயே கராபெகிரின் நினைவுகளையும் தேசிய அவையின் நடவடிக்கைக் குறிப்புகளையும், குறிப்பாக ரகசிய அமர்வுகளை, வைத்து ஒப்பிடுங்கள். அவைக் குறிப்புகள் லத்தீன் எழுத்தில் கிடைக்கின்றன. அரபு எழுத்து தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிலாபத் இயக்கம் வழியாக இந்த வரலாற்றுக்குள் நுழைந்தால், சென்னையில் யாகூப் ஹசன் போன்றோர் முழங்கிய கலீஃபாதான் எல்லாவற்றுக்கும் நடுநாயகம் என்று தோன்றும். இங்கிருந்து போன நன்கொடையை அங்காரா நன்றியுடன் வாங்கிக்கொண்டது. அதில் ஒரு பகுதி 1924-இல் துருக்கியில் தொடங்கிய இஷ் வங்கியின் தொடக்க முதலாகவும் ஆனது. ஆனால் கலீஃபா பதவியைக் காக்கக் கோரி இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் அமீர் அலியும் இஸ்மெத்துக்கு எழுதிய கடிதம் 1923 டிசம்பரில் இஸ்தான்புல் நாளேடுகளில் வந்ததும், அங்காரா அதை வெளியார் தலையீடாக எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியது. மூன்று மாதத்தில், 1924 மார்ச் 3-இல், கலீஃபா பதவியே ஒழிந்தது.

இவ்வளவும் ஆனபின் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து 1878 முதல் 1924 வரை அதை மட்டும் தொடருங்கள். தெற்கே சிரிய எல்லைப் பக்கமுள்ள ஆன்தெப் நல்ல தேர்வு: ஆர்மீனியர் பெருமளவில் வாழ்ந்த ஊர், 1915-இல் காலியானது, 1919-இல் பிரிட்டிஷாரும் பிறகு பிரெஞ்சுக்காரரும் வந்தார்கள், திரும்பிய ஆர்மீனியர்களும் இருந்தார்கள், 1920 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1921 பிப்ரவரியில் சரணடைதலில் முடிந்தது. தோற்ற ஊருக்குத் தேசிய அவை "காஸி" (போர்வீரன்) பட்டம் கொடுத்தது. எட்டே மாதத்தில் பிரான்சுடன் செய்த அங்காரா ஒப்பந்தம் அதைத் துருக்கிக்கே திருப்பித் தந்தது.